பூசணத்துக்குத் தீட்டு தெரியாது

பிள்ளைகளே, போன வாரம் உங்கள் நாற்று ரூம் பக்கம் வந்தேன். டீ கொடுத்தீர்கள், உட்காரச் சொன்னீர்கள். நல்லது. சுவரில் பெரிய காற்றாடி ஓடுகிறது, மேசையெல்லாம் இரும்பு. எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை. பார்க்க நன்றாக இருந்தது.

கிளம்பும் நேரம் ஒரு பிள்ளை கூப்பிட்டாள். தட்டில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறதாம். இன்னொருத்தி உடனே கேட்டாள், "இந்தத் தட்ட யாரு தொட்டது?"

நான் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். வெள்ளை படுத்துவிட்டது. அது வேர் முடி. முளைவிட்ட விதை ஈரத்தைத் தேடி விடுகிற முடி. பூசணமே இல்லை. ஆனால் அதற்குள் தொட்டவள் பேர் வெளியே வந்துவிட்டது. அந்தப் பிள்ளை முகம் சுருங்கி நின்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளியைப் பாதியில் விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபமும் இருக்கும். அதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

விதை போடுகிற ஸ்பாஞ்சை எப்படிக் கழுவுவது, எவ்வளவு தண்ணீர் விடுவது, லைட்டு எவ்வளவு உயரம், இதெல்லாம் உங்களுக்குக் காட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது. நான் சொல்வது வேறு.

முன்பு அந்த ரூம், கொழுந்து நிறுக்கிற கொட்டகையாக இருந்தது. நானும் அங்கே கூடையோடு வரிசையில் நின்றவள்தான். நிறுப்பது வேறு இடத்துக்குப் போனதும் கொட்டகை சும்மா கிடந்தது. இப்போதைய முதலாளி அதை வாடகைக்கு எடுத்தார். எங்கள் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்தான். கீழே டவுனில் படித்து, வேலை பார்த்து, திரும்பி வந்தார். பக்கத்தில் கியா பார்ம் ஊரில் பிளாஸ்டிக் கூரை போட்டுத் தண்ணீரிலேயே சாலட் கீரை வளர்க்கிறவர்களுக்கு நாற்று வேண்டும். அதை நாம் போட்டுக் கொடுக்கலாம் என்றார். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார். உள்ளே சுற்றிலும் பிளாஸ்டிக் ஒட்டினார். தட்டு, ஸ்பாஞ்சு, மூடி, லைட்டு. அவ்வளவுதான் ரூம்.

பொறுப்பு தனமக்காவுக்கு. ஏன் தெரியுமா? கோயில் முளைப்பாரி. எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவது அவர்தான். அவர் போட்டு ஒரு பானைகூடக் கெட்டதில்லை. விரதம் இருப்பார். இருட்டறையில் மூடி வைப்பார். அவரைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது, எட்டியும் பார்க்கக் கூடாது. தீட்டு உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. திருவிழா அன்று மூடியை எடுத்தால் பாரி மஞ்சள் வெளுப்பாக, முழங்கை உயரத்துக்கு நிற்கும். பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். முளைக்க வைக்கத் தெரிந்த கை என்று முதலாளி அவரைக் கூப்பிட்டார். தப்பு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

தனமக்கா, செல்வி, நான், இன்னும் சில பெண்கள். வெயில் மாதத்தில் எல்லாம் நன்றாகப் போனது. தனமக்கா பாரி போலத்தான் செய்தார். ஸ்பாஞ்சு நனைய நனையத் தண்ணீர். தட்டுக்கு மேல் மூடி. மூடிக்கு மேல் கறுப்புத் துணி. முளை நன்றாக எழும்பும்வரை யாரும் திறக்கக் கூடாது. வெயில் மாதம் என்பதால் தப்பித்தோம்.

பிறகு மழை வந்தது. இந்த மலை மழை உங்களுக்குத் தெரியும். மத்தியானமே மூடுபனி இறங்கி எதிர் லயம் தெரியாது. அடுப்படியில் தொங்கும் துணி காயாது. அந்த மாதம்தான் செல்வியின் புருஷன் செத்தான். காய்கறி லோரி ஓட்டுகிறவன். திரிங்காப்பிலிருந்து இறங்குகிற வளைவில் போய்விட்டான். நல்ல பையன், யாரிடமும் சத்தம் போட்டுப் பேச மாட்டான். செல்விக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளை. வேறு துணை இல்லை. காரியம் முடிவதற்கு முன்பே அவள் வேலைக்கு வந்தாள். வராமல் என்ன செய்வாள்? துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அரிசி கொண்டுவந்தார்களா?

அவள் வந்த வாரம் தட்டில் பூசணம் பிடித்தது.

மூடியை எடுத்தால் பஞ்சு போல வெள்ளை. நடுவில் சாம்பல் நிறம். முளை தண்டு கருத்து, இடுப்பு ஒடிந்த மாதிரி சாய்ந்து கிடந்தது. ஒரு வாடை வரும், நனைந்த சாக்கு வாடை. தட்டுத் தட்டாகக் கொட்டினோம்.

அன்று சாயங்காலம் குழாயடியில் பேச்சு வந்தது. யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியும். பேர் வேண்டாம், இப்போது பேரன் பேத்தியோடு இருக்கிறாள். அவள் சொன்னது இது. "தாலி அறுத்த ஈரம் காயல, அதுக்குள்ள விதையத் தொடுது அந்தக் கை."

சுற்றி நின்றவர்கள் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கேட்டேன், உன் வீட்டில் சோறு கெட்டால் யார் தாலியைப் பார்ப்பாய் என்று. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள். ஆனால் பேச்சு போகவில்லை. பேச்சுக்குக் கால் வேண்டாம்.

தனமக்கா கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். அவர் நிஜமாகவே நம்பினார். துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் பாரி எடுப்பதில்லை, அது வழக்கம். இதுவும் முளை, அதுவும் முளை, அப்படியென்றால் இதற்கும் அந்த வழக்கம்தானே. அவர் கணக்கு அப்படி. முதலாளி வந்தபோது நேராகவே சொன்னார், தம்பி, தீட்டு வீட்டுக் கை பட்டிருக்கு, செல்வியை வேறு வேலைக்கு அனுப்பு என்று.

முதலாளி ரூமைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் பிளாஸ்டிக் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. விரலால் அதை வழித்தார். கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பெரியவங்க நீங்க சொன்னா சரிதான்கா. செல்வி மேட்டுத் தோட்டத்துக்குப் போகட்டும்."

அவள் என்ன தப்பு செய்தாள் என்று நான் கேட்டேன். சாமி விஷயம் அக்கா, நான் குறுக்கே பேச மாட்டேன் என்றார். செல்வி அங்கேயேதான் நின்றாள். அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

மேட்டுத் தோட்டம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதலாளி திரிங்காப் பக்கம் கோஸ் போட்டிருந்தார். விடியும் முன்பே லோரி வந்துவிடும். உர மூட்டையை முதுகில் வைத்துச் சரிவில் ஏற வேண்டும். ரூம் வேலை என்றால் செல்வி பிள்ளைக்குத் தலை வாரி, பஸ் ஏற்றிவிட்டு வருவாள். இப்போது பிள்ளை இருட்டில் தனியாக எழுந்து, தானே பூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டது. புத்தகப் பையோடு பனிக்குள் ரோட்டு ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. லோரி போகிற அதே ரோடு. அப்பன் போன மாதிரியே பிள்ளையும் போயிருக்கும். நான் பார்த்ததால் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து லோரி வரும் முன்பே பிள்ளை என் வீட்டுக்கு வந்து தூங்கும்.

செல்வி என்னிடம் அதிகம் பேசவில்லை. கீழே தாப்பாவில் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கே போய்விடலாம் என்று பார்க்கிறேன் என்றாள். அந்த அண்ணியை எனக்குத் தெரியும். அங்கே போனால் இவள் வேலைக்காரி, பிள்ளை அதற்கும் கீழே. ஆனால் வேலையைவிட அவளைத் தின்றது வேறு. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பலகாரம் எல்லாக் கதவுக்கும் வந்தது, அவள் கதவுக்கு வரவில்லை. பிள்ளை ஏன் என்று கேட்டதாம். "என்னக்கா சொல்றது நான்? அம்மா தொட்டா பூசணம் புடிக்கும்னா?"

நான் மட்டும் என்ன சொல்ல?

சரி, செல்வி போனாள். பூசணம் போனதா? இல்லை. அடுத்த விதைப்பு முன்னைவிட மோசம். அவள் நிழல்கூட உள்ளே இல்லை, தட்டெல்லாம் வெள்ளை. கெட்ட தட்டுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை வந்து சும்மா விதைத்துக் கொடுத்தோம். நம்மால் வந்த குற்றம் என்று எல்லாரும் தலைகுனிந்து விதைத்தார்கள். யாரும் கூலி கேட்கவில்லை. முதலாளி கேக் வாங்கி வந்து வைத்தார். அந்தக் கேக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதுவும் கெட்டது. அப்போது பெரிய ஓடர் ஒன்று இருந்தது. இந்தத் தடவையும் நாற்று போகவில்லை என்றால் ரூமை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். எல்லார் பிழைப்பும் அந்தத் தட்டில்தான்.

தனமக்கா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். என்னிடம் வந்து நின்றார்.

"ராசம்மா, நீ அவ வீட்டுல டீ குடிக்கிற. அவ புள்ள உன் வீட்டுல தூங்குது."

எனக்குப் புரிந்தது. ஆள் மாற்றியாகிவிட்டது. இனி நான்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். ஒரு ஆளைக் குற்றம் சொல்லி அனுப்பிய பிறகும் கோளாறு தீரவில்லை என்றால், சொன்னவர்கள் யோசிக்க மாட்டார்கள். அடுத்த ஆளைத் தேடுவார்கள். அந்த வரிசை நிற்காது. உங்களிடமும் வரும்.

நான் கேட்டேன், "அக்கா, மழை மாசத்துல உங்க பொட்டிக்குள்ள வச்ச பட்டுச்சேலையில பூசணம் புடிக்குதா இல்லையா?"

பிடிக்கும் என்றார்.

"கொடியில கெடக்குற சேலைக்குப் புடிக்குதா?"

இல்லை என்றார்.

"உங்க வீட்டு சாமி படத்துக்குப் பின்னாடி தொட்டுப் பாருங்க. அங்கயும் பூசணம்தான். சாமிக்கு எந்த வீட்டுத் தீட்டு?"

ஒருத்தி சிரித்துவிட்டாள். தனமக்கா திரும்பியதும் அடக்கிக்கொண்டாள்.

புதுத் தட்டு அன்றுதான் முளை உடைத்திருந்தது. நான் போய்க் கறுப்புத் துணியை இழுத்தேன். மூடியை எடுத்தேன். உள்ளே இருந்து தண்ணீர் சொட்டியது. தனமக்கா ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"முளைக்கிறதப் பாக்காத. கண்ணு படும்."

"இது கோயில் பாரி இல்லக்கா. சாலட்லா இது."

அவர் கையை விடவில்லை. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது, அதைச் சொன்னேன். பாரியைத் திருவிழா அன்று ஆற்றில் கரைத்துவிடுகிறோம். அது அந்த ஒரு நாள் நின்றால் போதும். வெளுத்து, நெட்டையாக இருந்தாலும் அழகு. இந்த முளை இனிமேல்தான் வாழவேண்டும். மூச்சு விடாமல் எப்படி வாழும்? பாரிக்கு உங்கள் முறை சரி. உங்களைக் குறை சொல்லவில்லை. இதற்கு அந்த முறை இல்லை.

கையை விட்டார். ஆனால் சொன்னார், "தட்டு காஞ்சு போனா நீதான் பதில் சொல்லணும்." சொல்கிறேன் என்றேன்.

பயம் இல்லாமல் இல்லை. விதை காய்ந்தால் ரூம் போகும். ரூம் போனால் என்னைத் தோட்டமே தின்றுவிடும், என்னால் செல்வி பேரும் நிரந்தரமாகக் கெடும். பார், தீட்டுக்காரிக்காகப் பேசினாள், எல்லாம் நாசம் என்பார்கள். ஆனால் மூடி வைத்தாலும் சாகத்தான் போகிறது. நிச்சயமாகச் சாகிற வழியைப் பழக்கம் என்பதற்காகப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லா மூடியையும் எடுத்தேன். ஸ்பாஞ்சு குளித்துக் கிடந்தது. தட்டைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தேன். ஜன்னல் பலகையில் ஒன்றைச் சுத்தியலால் பெயர்த்தேன். வீட்டு மேசைக் காற்றாடியைக் கொண்டுவந்து வைத்தேன். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திகூடப் பலகையின் மறுமுனையைப் பிடிக்கவில்லை. திட்டியவளைக்கூட மன்னிக்கலாம். அந்தப் பார்த்துக்கொண்டு நின்ற கூட்டம் இருக்கிறதே.

காற்றாடி பக்கம் இருந்த ஓரத் தட்டுகள் காய்ந்து போயின. அதையும் மறைக்க மாட்டேன். மற்றதெல்லாம் எழுந்தது. குட்டையாக, பச்சையாக, தண்டு தடித்து. ஓடர் போனது.

இதில் என் திறமை ஒன்றும் இல்லை. மலையில் பிறந்த எவளுக்கும் தெரிந்தது. தட்டு கெட்டால் மூடியைத் தொடு. ஸ்பாஞ்சை அழுத்திப் பார். சுவரைத் தடவு. பழைய ஸ்பாஞ்சைக் காயவைத்தோமா என்று யோசி. விதையை நெருக்கிப் போட்டோமா என்று பார். இதெல்லாம் முடிந்த பிறகும் ஆளிடம் போகாதே.

லோரியில் நாற்று ஏற்றிய அன்று முதலாளி வந்தார். திறந்த ஜன்னலைப் பார்த்தார். காற்றாடியைப் பார்த்தார். சிரித்தார்.

"காத்து இல்லாததுதான்கா கோளாறு. எனக்கு மொதல்லயே தெரியும்."

தனமக்கா கையில் தட்டோடு நின்றார்.

நான் கேட்டேன், தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று.

சுவரை உடைத்துப் பெரிய காற்றாடி வைக்கக் கட்டடத்துச் சொந்தக்காரர்களிடம் கேட்க வேண்டும், அது பெரிய வேலை, மழை நின்றால் தானாகச் சரியாகும் என்று நினைத்தேன் என்றார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கினார். "நீங்களே ஆள மாத்துங்கன்னு சொன்னீங்க. அது உங்க நம்பிக்கை. நான் மதிச்சேன்."

மதித்தாராம்.

அவருக்கு வழக்கம் தெரியாது என்று சொல்ல முடியாது. எங்கள் லயத்துக்காரர். அவருடைய அம்மா பாரி தூக்கிய தலை. தீட்டில் ஒருத்தியை ஒதுக்கினால் அது எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டார். ஏன்? எங்களை நாங்களே பழி சொல்லிக்கொண்டு இருந்தவரை அவரிடம் யாரும் காற்றாடி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தலைகுனிந்து வந்தோம். சாமியை அவர் ஜன்னலில் பலகை அடிக்கிற மாதிரி எங்கள் வாயில் அடித்து வைத்தார். அவர் மேல் எனக்குக் கோபம். அந்தப் பலகையை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் மேலும் கோபம். இரண்டையும் நான் ஒரே தராசில்தான் வைக்கிறேன்.

செல்வியை நாளைக்கே கூப்பிடுங்கள் என்றார், பெரிய மனசு பண்ணுகிற மாதிரி. காற்றாடி எப்போது என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார். பார்ப்பது இருக்கட்டும், எப்போது என்று திரும்பக் கேட்டேன். வாங்கினார்.

சாயங்காலம் செல்வி வீட்டுக்குப் போனேன். தனமக்காவும் என் பின்னாலேயே வந்தார். நான் கூப்பிடவில்லை. பெட்டி கட்டி வைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். முதலாளி சொன்னதையும் சொன்னேன். அவள் அழவில்லை. பிள்ளையின் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ரூமுக்கு வரேன். என் பேரு எப்பக்கா வரும்?"

தனமக்கா வாசலிலேயே நின்றார். உள்ளே போகவில்லை. தப்பு நடந்துபோச்சு செல்வி, மனசில் வைக்காதே என்றார். முதலாளி நம்ப வைத்து ஏமாற்றிய கோபம் அவருக்கும் இருந்தது, முகத்தில் தெரிந்தது. எனக்குக்கூடக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

செல்வி மடிப்பதை நிறுத்தினாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா நான் ஒண்ணும் செய்யலன்னு? மத்தவங்ககிட்ட சொல்லுங்க."

தனமக்கா திரும்பிப் போய்விட்டார். சரி, இவ்வளவுதான் இந்த மனுஷி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை லோரி பிந்தி, பிள்ளைகள் பஸ் ஏறிய பிறகுதான் வந்தது. மேட்டுக்குப் போகிறவர்கள், ரூமுக்கு வருகிறவர்கள், கொழுந்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான். குழாயடியில் நின்றவர்கள் அத்தனை பேரும் அதில்தான். செல்வி ஏறினாள். பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், இடம் கொடுக்கவா ஒட்டாமல் இருக்கவா என்று சொல்ல முடியாது. லோரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. பனி முகத்தில் அடித்தது.

தனமக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வயசான உடம்பு, வளைவில் ஆடியது.

"தட்ட மூடி வச்சது நாந்தான். அதுலதான் கெட்டுச்சு. இந்தப் புள்ளக் கையில ஒண்ணும் இல்ல. சொன்னது என் தப்பு."

ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். ஒருத்தி தேயிலைச் சரிவைப் பார்த்தாள்.

செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லுங்கக்கா. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

லோரி வளைவு தாண்டியது. தனமக்கா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பி நின்று, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.